மோட்டார் நின்ற நேரம்

டவுட்டன் சிக்னலில் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். அதுவரை காலடியிலும் சீட்டிலும், ஏன், கடைவாய்ப் பல்லிலும்கூட ஓடிக்கொண்டிருந்த உறுமல் சட்டென்று நிற்க, பஸ்ஸுக்குள் ஓர் அமைதி வந்து உட்கார்ந்தது. லோகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பாரிமுனையில் இறங்கியதும் இரண்டு போண்டா தின்றாயிற்று. மடியில் மீன் அடைத்து அனுப்புகிற தடித்த பாலித்தீன் கவர் கட்டு, அதன் மேல் ரப்பர் பேண்டு பொட்டலம். கவர் வாங்கியாயிற்று, ரப்பர் பேண்டு வாங்கியாயிற்று, இரண்டு மணிக்கு உட்கார்ந்து பேக் பண்ணினால் நாலு மணி பார்சல் வண்டிக்குச் சரியாக இருக்கும். எல்லாம் சரி. பின்னே ஏன் இப்படி உறுத்துகிறது? இந்த அமைதியை ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், இன்றைக்கே கேட்டிருக்கிறேன் என்று மண்டைக்குள் ஏதோ ஒன்று சொன்னது. எங்கே? கவர் கடையிலா? அங்கே இரண்டு பேர் கத்தினால்தான் ஒருவர் காதில் விழும். வீட்டிலா? வீட்டில். மாடியில். தகர ஷெட்டில். காற்று மோட்டாரின் ஸ்விட்சை அமுக்கியதும் தொட்டிகளில் கொப்புளம் விடுகிற சத்தமெல்லாம் ஒரேயடியாக அடங்கி, ஷெட்டே மூச்சை நிறுத்திக்கொண்ட மாதிரி ஓர் அமைதி வந்ததே, அது. அணைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மணி ஒன்பது நாற்பது. ஸ்விட்ச் கொஞ்சம் ஈரமாக இருந்தது, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் அமுக்கினான். சரி. திரும்பப் போட்டது? போட்டிருப்பான். போடாமல் எப்படிக் கிளம்பி வருவான்? போட்டதை நினைத்துப் பார்த்தான். விரல் வரவில்லை. ஸ்விட்ச் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. கொளத்தூரில் வாடகை வீட்டு மொட்டை மாடியில் தகரம் போட்டு வண்ண மீன் வளர்க்கிறவன் லோகு. தட்டு மாதிரி வட்டமாக இருக்கும் டிஸ்கஸ் மீன்தான் அவன் சரக்கு. மீனை வளர்ப்பது பாதி வேலை, அதை யாராவது பார்த்து ஆசைப்படும்படி செய்வது மீதி. அதற்குத்தான் சேனல், அதற்குத்தான் தினமும் லைவ். ஆரம்பத்தில் மோட்டார் ஓட ஓடத்தான் பேசினான். "அண்ணா பின்னாடி என்ன மாவு மில்லா?" என்று ஒருத்தன் கேட்டான், அதற்கு நூறு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து லைவ் ஓடும் இருபது நிமிடம் மோட்டாரை அணைத்துவிடுவான். இருபது நிமிடத்தில் மீனுக்கு ஒன்றும் ஆகாது. மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். மறக்காமலிருக்க ஒரு வழியும் வைத்திருந்தான், அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு: அணைக்கும்போது இடது காலின் செருப்பைக் கழற்றி ஸ்விட்சுக்கு நேர் கீழே போட்டுவிடுவான். ஒற்றைச் செருப்போடு யாரும் வெளியே போக முடியாது, செருப்பைத் தேடிப் போனால் தலைக்கு மேல் ஸ்விட்ச் இருக்கும். அதை நினைத்ததும் லோகு கவர் கட்டை ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தான். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான். இடது காலில் செருப்பு இருக்கிறதென்றால் ஸ்விட்சுக்குக் கீழே போயிருக்கிறான், போனவன் போட்டிருக்கிறான். டிரைவர் எஞ்சினை முடுக்கினார், உறுமல் திரும்பி வந்தது, பஸ் நகர்ந்தது.

நகர்ந்த பஸ்ஸில் ஜன்னல் காற்று முகத்தில் அடிக்க, நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டியவன், செருப்பை எப்போது மாட்டினோம் என்று யோசிக்க ஆரம்பித்தான். லைவ் முடிந்தது பத்து மணிக்கு. "நன்றி மக்களே, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைவ் முடிந்தால் அது வீடியோவாக நிற்கும், கீழே கமென்ட் வரும். சரி, ஐந்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தான். காதில் இயர்போன். அதற்கப்புறம்? அதற்கப்புறம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறான், பத்தரை ஆகிவிட்டதே என்று பதறி, போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே ஓடுகிறான். நடுவில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் என்ன பார்த்தான்? யாரோ ஒருவர் வீட்டு நாய் தண்ணீர் பைப்பைக் கடித்தது. ஒருத்தன் மீன் வாங்க விலாசம் கேட்டான், அதற்குப் பதில் போட்டான். கேரளாவில் ஒரு வீட்டின் உள்ளே குளம். ஒரு பெண்மணி ரசம் வைத்தாள். ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டது, அந்தக் கல்லுரல், அதன் ஓரத்து உடைசல் எல்லாம் துல்லியமாக இருக்கிறது. தன் ஷெட்டில், தன் கை எட்டும் தூரத்தில், தொட்டியில் கொப்புளம் வந்ததா இல்லையா என்பது மட்டும் இல்லை. இயர்போனுக்கு வெளியே மோட்டார் ஓடியதா? ஓடியிருந்தால் பழகின சத்தம், காதில் விழாது. ஓடாமல் இருந்திருந்தாலும் விழாது. அப்படியானால் அரை மணி நேரம் அவன் அங்கே இருந்தானா இல்லையா?

நேற்றிலிருந்து இரை போடாமல் வயிற்றைக் காயவிட்டு, நாலு தொட்டி மீனையும் பிடித்து ஒரே நீலத் தொட்டியில் விட்டிருந்தான். ஊருக்கு அனுப்பும் முன்னால் அப்படித்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் கவருக்குள் கழிவு போட்டு வழியிலேயே செத்துப்போகும். நூற்று நாற்பது மீன். சாதாரண நாளில் ஐம்பதுக்கு மேல் விடமாட்டான். இளஞ்சூட்டில் இருக்கும் தண்ணீரில் காற்று தங்காது, மோட்டார் ஓடினால்தான் அவற்றுக்கு மூச்சு. ஓடாவிட்டால் முதலில் மேலே வரும். வாயை நீர்மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடும். கருத்துப்போகும். அப்புறம் ஒன்றிரண்டு சாயும். ஒரு மணி நேரம் தாங்கும், மிஞ்சினால் ஒன்றரை. ஒன்பது நாற்பதிலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. இப்போது மணி என்ன? கையைத் திருப்பிப் பார்த்தான், கையில் வாட்ச் கிடையாது, கட்டுவதை விட்டு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவன் முழங்கையைத் தட்டினாள். "மணி இன்னா நைனா?" "தெரியலீங்க." அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பாக்கெட்டுல போனு முட்டிக்கினு கீது, மணி தெரியலன்ற?" "ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்." "கெட்டுப்போச்சா?" "இல்லீங்க. நானாதான் ஆஃப் பண்ணேன்." "இன்னாத்துக்கு?" லோகு பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டான். அந்த அம்மாள் கொஞ்சம் ஜன்னலை விட்டு நகர்ந்து, அவனை விட்டும் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

என்னத்துக்கு என்று அவளுக்குச் சொல்வதானால் மார்ச் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். எவனோ ஒருத்தன், முகம் இல்லை, பேர் இல்லை, "இவன் ஹார்மோன் போட்டுக் கலர் ஏத்துறான்" என்று கமென்ட் போட்டிருந்தான். லோகு ஹார்மோனைக் கண்ணால் பார்த்ததில்லை. அதற்கு மரியாதையாக ஒரு பதில் போட்டான். அவன் ஒன்று போட்டான். இவன் இரண்டு போட்டான். தொழில், மானம், விட முடியுமா? நிமிர்ந்து பார்த்தபோது இரண்டே கால். பன்னிரண்டே முக்காலுக்கே ஒன்றாம் வகுப்பை விட்டுவிடுவார்கள். ஓடிப் போனபோது மகள் நேத்ரா பள்ளி வாட்ச்மேன் நாற்காலியில், பையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று தூக்கியபோதுதான் தெரிந்தது, பாவாடை நனைந்திருந்தது. பிள்ளை அழவில்லை. "அப்பா, நீ செத்துட்டியோன்னு நெனச்சேன்" என்றாள், சாதாரணமாக, ஹோம்வொர்க் இருக்கிறது என்று சொல்கிற குரலில். ராத்திரி மனைவி தேன்மொழியும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒம்பதுல இருந்து பத்து. ஒரு மணி நேரம் உங்க தொழிலுக்கு, லைவ் போடுங்க, என்ன வேணா பண்ணுங்க. பத்துக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் சண்ட போடமாட்டேன். மீனெல்லாம் வித்துட்டு எங்கண்ணன் சொன்ன அம்பத்தூர் வேலைக்குப் போயிருங்க" என்றாள். சத்தியம் பண்ணுவதாக நேத்ராவின் தலையில் கை வைக்கப் போனான். தேன்மொழி கையைத் தட்டிவிட்டாள். "அவ தலைய விட்ருங்க. வாயால சொல்லுங்க, போதும்." வாயால் சொன்னான். நாலு மாதம் ஆகிறது. நாலு மாதத்தில் பத்துக்கு மேல் ஒரு நிமிஷம் போனதே இல்லை என்று அவன் சொன்னால், சொல்லிக்கொள்ளலாம், யார் பார்த்தது? பத்து ஐந்து ஆகும். பத்து பத்து ஆகும். இன்று பத்தரை. ஆனால் முடிந்ததும் அணைத்துவிடுவான், அந்த நியாயம் உண்டு. அணைத்த போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடக்கும்போது ஏதோ நோன்பு இருக்கிறவனைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான்.

கம்பெனியில் இருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. ஆறு வருஷம் அம்பத்தூரில் ஸ்டோர் கீப்பராக இருந்தான், போனை எடுத்தால் சூப்பர்வைசர் இருமுவார். அந்த இருமல் போதும். சொந்தத் தொழிலில் இரும ஆள் இல்லை. எது வேலை, எது வெட்டி என்று சொல்லவும் ஆள் இல்லை. கமென்டுக்குப் பதில் போடுவது வேலைதானே, மீன் வாங்குகிறவன் அங்கிருந்துதானே வருகிறான்? பத்தாவது கமென்ட் ஆர்டர், பதினோராவது நாய், பன்னிரண்டாவது மறுபடி ஆர்டர். நடுவில் கோடு எங்கே? கட்டைவிரலுக்கு அது தெரிவதில்லை. தேன்மொழி மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், ஷட்டர் இறங்கினால் வேலை முடிந்தது. அவளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தான். புரியாதது தனக்குத்தான் என்று இந்த பஸ்ஸில், இந்தப் பயத்தில், தோன்றியது. சரி, ஏன் பயப்படுகிறேன், செருப்பு காலில் இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, கவர் கட்டு மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தான். வலது காலில் பழுப்புச் செருப்பு. இடது காலில் நீல வார் வைத்த செருப்பு. பாத்ரூம் செருப்பு. மாடிப்படி ஓரத்தில் கிடப்பது. இரண்டையும் பார்த்துக்கொண்டே குனிந்த நிலையில் இருந்தான். பழுப்புச் செருப்பின் ஜோடி இப்போது எங்கே கிடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா நைனா, தல சுத்துதா?" என்றாள் கூடைக்கார அம்மாள். இல்லை என்று தலையாட்டினான். எழுந்தான். உட்கார்ந்தான். இறங்கி ஆட்டோ பிடிக்கலாமா? ரோட்டைப் பார்த்தான். ஓட்டேரிக்கு முன்னால் பாதி ரோட்டைத் தோண்டித் தடுப்பு வைத்திருந்தார்கள், பஸ்ஸும் ஆட்டோவும் பைக்கும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறாத குறையாக நின்றன. ஆட்டோவும் இதில்தான் நிற்கும். ஒரே ஒரு வழி இருந்தது, ஏறினதிலிருந்தே இருந்தது, அதைப் பார்க்காமல் பார்க்காமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான்: தேன்மொழிக்கு போன் பண்ணுவது. மருந்துக் கடை வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அவளிடம் இன்னொரு சாவி இருக்கிறது. மோட்டாரைப் போடு என்று இரண்டு வார்த்தை. அவள் ஏன் என்று கேட்பாள். மறந்துட்டேன் என்பான். எப்படி மறந்தீங்க என்பாள். அவ்வளவுதான், அங்கே பத்தரை மணி வந்துவிடும். கரன்ட் போயிருக்கும்போல என்று சொன்னால்? அது நன்றாக இருந்தது. கரன்ட் போயிருக்கும், போய்ப் பாரேன். ஆனால் கரன்ட் போனால் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும், அது அவளுக்குத் தெரியும். இன்வெர்ட்டரும் கெட்டிருக்கலாம். இன்வெர்ட்டர் கெட்டது பஸ்ஸில் இருப்பவனுக்கு எப்படித் தெரிந்தது? நூற்று நாற்பது உயிர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்போது இப்படி உட்கார்ந்து பொய்க்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேனே, நான் என்ன ஜென்மம் என்று நினைத்தான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பயம் பெரிதாக இருந்தது. மூலைக் கண்ணாடித் தொட்டியில் தாயும் தகப்பனுமாக ஒரு ஜோடி இருக்கிறது, பத்து நாள் குஞ்சுகள் அந்த இரண்டின் உடம்பில் ஊறுகிற பசையைத் தின்றுதான் வளரும், தாய் களைத்தால் எல்லாம் கூட்டமாகத் தகப்பன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் அதே மோட்டார்தான். நேத்ரா தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் போய் நிற்பாள்.

போனை எடுத்தான். ஓரத்து பட்டனை அழுத்திப் பிடித்தான். போன் உயிர் பெற ஒரு யுகம் ஆயிற்று. வெளிச்சம் வந்தது, மணி பதினொன்று ஐம்பத்திரண்டு என்று காட்டியது. தேன்மொழியின் நம்பர், முதல் பக்கத்திலேயே இருக்கிறது, பச்சைப் பொத்தான், அமுக்க வேண்டியதுதான். அமுக்கத்தான் போனான். சத்தியமாக அமுக்கத்தான் போனான். கட்டைவிரல் அதற்குப் பக்கத்தில் இருந்ததை அமுக்கியது. காலை லைவை இதுவரை மூவாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். மூவாயிரமா? வழக்கமாக எண்ணூறைத் தாண்டாது. எப்படி மூவாயிரம்? கமென்ட் அறுபத்தேழு. ஒரே ஒரு நொடி, எங்கிருந்து வருகிறார்கள் என்று மட்டும் பார்த்துவிடலாம். மேலிருந்து குறுஞ்செய்திகள் டணடண என்று இறங்கின, மூன்றோ நாலோ, கமென்டை மறைத்தன, படிக்காமலே ஒவ்வொன்றாக விரலால் தள்ளிவிட்டான். சூப்பர் அண்ணா. சிவப்பு ஜோடி இருக்கா? வணக்கம் அண்ணா சேலத்திலிருந்து. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அவன் போட்ட சிவப்பு ஹார்ட் வரிசையாக நின்றது. இவ்வளவுக்கும் நான்தான் போட்டேனா? போட்டது ஒன்றுகூட ஞாபகம் இல்லை. இறக்கிக்கொண்டே போனான். முகம் இல்லாமல், ஒரு மாத்திரை அட்டை படம் வைத்த ஏதோ ஒரு கணக்கிலிருந்து ஒரு வரி: மோட்டாரைப் போட்டீங்களா? அதற்குப் பக்கத்திலும் சிவப்பு ஹார்ட் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் கேட்டிருக்கிறான். கேட்டதை இவன் பார்த்திருக்கிறான். பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். "ஜமாலியா இறங்கறவங்க எல்லாம் போயாச்சா? பெரம்பூர் வருது, முன்னாடி வா" என்று கண்டக்டர் கத்தினார். பெரம்பூரா? ஓட்டேரி எங்கே போயிற்று? மணியைப் பார்த்தான், பன்னிரண்டு பதினொன்று. பத்தொன்பது நிமிடம். போன் பண்ணுவதற்காக எடுத்த போன் இது. இதைவிட இனி என்ன நடந்தாலும் அது சின்னதாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது, அப்படியும் அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கவில்லை. இன்னும் ஐந்தாறு ஸ்டாப்தான், ஓடிவிடலாம் என்று போனை மறுபடி அணைத்துப் பாக்கெட்டில் போட்டான்.

கொளத்தூரில் இறங்கி ஓடினான். ஒரு கால் செருப்பு பட்பட்டென்று அடித்தது, மற்றது சத்தமில்லாமல் வந்தது. தண்ணீர் கேன் வண்டிக்காரன் திட்டினான். கரன்ட் போச்சு, இன்வெர்ட்டரும் கெட்டுப்போச்சு, கரன்ட் போச்சு, இன்வெர்ட்டரும் கெட்டுப்போச்சு என்று மூச்சோடு மூச்சாகச் சொல்லிக்கொண்டே ஓடினான். தெரு முனையில் திரும்பியபோது நூற்று நாற்பதும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவற்றை எடுத்து எங்கே புதைப்பது என்றுகூட யோசித்துவிட்டான். வீட்டுக்காரர் மாடிப்படியில் காயப்போட்டிருந்த துணியை விலக்கிக்கொண்டு ஏறினான். பாதிப் படியில் நின்றுவிட்டான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எத்தனை தடவை அலுத்துக்கொண்ட அதே மாவு மில் சத்தம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஓடுகிறது. போட்டிருக்கிறேன். செருப்பாவது மண்ணாங்கட்டியாவது, போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்! சிரிப்புக்கூட வந்தது. மீதிப் படியை ஏறினான். ஷெட் கதவு திறந்திருந்தது.

தேன்மொழி அவனுடைய பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டு முழங்கை வரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. காலடியில் விரித்த பேப்பரில் மீன்கள் வரிசையாகக் கிடந்தன. ஸ்விட்சுக்கு நேர் கீழே அவனுடைய பழுப்புச் செருப்பு, அவன் வைத்த இடத்தில், வைத்தபடி இருந்தது. அதைப் பார்த்த பிறகும், வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய் திறந்துகொண்டது. "கரன்ட் போயிருச்சா?"

"இல்ல" என்றாள் தேன்மொழி.

"இன்வெர்ட்டரு—"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "மூணு வாட்டி போன் பண்ணேன், ஆஃப்ல இருந்துச்சு. பத்து மணிக்கு மேலயும் ஹார்ட் விழுந்துட்டே இருந்துச்சு, அதனால முழிச்சிட்டுத்தான இருக்காரு, மோட்டாரப் போட்டிருப்பாருன்னு நெனச்சேன். அப்பறமும் மனசு கேக்கல. பதினோரு மணிக்குப் பர்மிஷன் கேட்டுட்டு வந்தேன்." கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து, ஈர விரலைச் சேலையில் துடைத்து, எதையோ தேடி அவன் பக்கம் நீட்டினாள். மாத்திரை அட்டை படம். மோட்டாரைப் போட்டீங்களா? பக்கத்தில் சிவப்பு ஹார்ட். அதற்குக் கீழே அவன் பஸ்ஸில் கவனிக்காமல் விட்ட ஒரு வரியும் இருந்தது, அவன் கையால் போட்டது. அவளே படித்தாள். "நன்றி சகோ. தொடர்ந்து ஆதரவு தாங்க."

"நீயா அது?"

"நாலு மாசமா நான்தான். ஒரு லைவ் விட்டதில்ல."

"எதுக்குத் தேனு? என்னை நோட்டம் பாக்கவா?"

அவள் தொட்டியின் பக்கம் திரும்பினாள். நீலத் தொட்டியில் பிழைத்த மீன்கள் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றிருந்தன. "வீட்டுல எப்பவும் குனிஞ்சே இருக்கீங்க" என்றாள். "லைவ்லதான் உங்க மூஞ்சிய நேரா பாக்க முடியுது. என்னைப் பாத்து வணக்கம் சொல்ற மாதிரி இருக்கும்."

லோகு அம்பத்தூர் வரும் என்று காத்திருந்தான். இப்போது சொல்வாள், அண்ணனுக்கு போன் பண்றேன் என்பாள், சொல்லட்டும், சொல்லிவிட்டால்கூடத் தேவலை. அவள் எழுந்து கோட்டைக் கழற்றிப் பிழிந்து உதறி மறுபடி மாட்டிக்கொண்டாள். "முப்பத்தொண்ணு போச்சு. குஞ்சுங்க பொழச்சுக்கிச்சு. மிச்சத்த பேக் பண்ணிருங்க, கவர் வாங்கிட்டீங்கல்ல?" என்றாள். "வாங்கிட்டேன்." "நேத்ராவ நான் கூப்புட்டுக்கறேன். இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமே நானே கூப்புட்டுக்கறேன். கடைல சொல்லிட்டேன்." அவனைத் தாண்டிப் போனாள். படியில் அவள் காலடி இறங்கி இறங்கி மறைந்தது. காலையில் இவள் வேலைக்குக் கிளம்பிப் போனபோது என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று யோசித்தான், இப்போதுதான் பார்த்தான், இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அது எல்லாவற்றையும் விட அவனைப் பயமுறுத்தியது.

கைப்பிடிச் சுவருக்கு ஓடினான். நேர் கீழே தெருவில் அவள் போய்க்கொண்டிருந்தாள். பச்சைச் சேலை. வெள்ளைக் கோட்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. காதில் இயர்போன் மாட்டி, தலையைக் குனிந்து, கையிலிருந்த போனைப் பார்த்தபடி நடந்தாள். அந்தச் சின்னத் திரையில் ஒரு நீலம் தெரிந்தது. அவன் தொட்டியின் நீலம், அதற்கு முன்னால் பழுப்பாக ஒரு முகம். "தேனு!" என்று கூப்பிட்டான். பின்னால் மோட்டார் இரைந்தது. சுவரில் முக்கால் உடம்பைச் சாய்த்து, இன்னும் பலமாக, "தேன்மொழி! இங்க பாரு, மேல பாரு!" என்று கத்தினான். எதிரே வந்த சைக்கிள்காரன் நிமிர்ந்து பார்த்தான். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் பார்த்தாள். தேன்மொழி போனில் எதற்கோ லேசாகச் சிரித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் தெரு முனையில் திரும்பினாள்.